மாஸ்டர் நிரப்பாமல் விட்ட இடம்

யாழ்ப்பாணத்து முத்திரை குத்திய பொட்டலம் ஒன்றை வியாழக்கிழமை காலையில் தபால்காரர் என் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். தில்லையம்பலம் மாஸ்டர்தான் ஏதோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். நான் கடைசியாக அனுப்பிய கிராமபோன் ஊசிகள் மொட்டை என்று கடுதாசி எழுதியிருந்தார். சொன்னதோடு நிற்கிற ஆளும் அல்ல. ஊசிகளைத் திருப்பி அனுப்பி, அதில் எது முழு மொட்டை, எது அரை மொட்டை என்று ஒரு பட்டியலும் வைப்பார். சிரித்துக்கொண்டே நூலை அறுத்தேன்.

உள்ளே எழுத்து நிறைந்த பழைய கொப்பி ஒன்றும் அவருடைய மனைவியின் கடிதமும் இருந்தன. "ஹமீது அண்ணைக்கு" என்று தொடங்கியிருந்தது. "இவர் நெருப்புக் காய்ச்சலில் பதினாறு நாள் கிடந்து போய்விட்டார். அந்தியேட்டி முடிந்த பிறகே எழுத முடிந்தது, குறை நினைக்க வேண்டாம். இந்தக் கொப்பியை உங்களிடமே சேர்க்கச் சொல்லிக் காய்ச்சலுக்குள்ளும் இரண்டு தரம் சொன்னவர். ஏன் என்று கேட்டேன். ஹமீதுக்குத் தெரியும் என்றார்."

அந்தியேட்டி என்றால் முப்பத்தோராம் நாள் சடங்கு. அவர் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. அந்த ஒரு மாதமும் நான் கடையைத் திறந்து, பூட்டி, அவருக்குப் பிடிக்கும் என்று ஒரு இசைத்தட்டை வேறு அலுமாரியில் ஒதுக்கி வைத்திருந்தேன். கடையில் ஆட்கள் நின்றார்கள். நான் அழுதேன். கல்யாண வீட்டுக்குப் பாட்டுப்பெட்டி கேட்டு வந்த ஒருவர், எதுவும் விசாரிக்காமல் என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தார்.

கண்டியில் அவரை அறிந்தவர்கள் வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். வயலின் பெட்டியைக் குடையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வாவிக்கரையோரம் விறுவிறுவென்று போகும் அந்த ஒல்லி மனிதரை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவரைப் பற்றி ஊரில் உலாவும் கதையும் ஞாபகம் இருக்கும். தானே ஒரு தாலாட்டைக் கட்டி, அதைத் தேயிலைத் தோட்டத்துப் பெண் பாடியது என்று கொழும்புக் கல்லூரி ஒன்றை நம்பவைக்கப் போய் அகப்பட்டுக்கொண்டார் என்பது அந்தக் கதை. உங்களில் சிலர் என் கடையில் நின்றே அதைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் தலையைக் குனிந்து ஊசி எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கதை பொய். எப்படிப் பொய் என்று சொல்லக்கூடிய ஆள் கண்டியில் நான் ஒருவன்தான். நான் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

மாஸ்டர் முதன்முதலில் என்னிடம் வந்தது முப்பத்திரண்டாம் வருஷம். திருகோணமலை வீதியில் பாட்டுப்பெட்டி விற்கவும் பழுது பார்க்கவும் நான் வைத்திருக்கும் கடை உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் மத்தியானம் அவரும் ஒரு கூலியாளும் மரப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்து மேசையில் வைத்தார்கள். மெழுகு உருளையில் ஆளின் குரலைப் பிடிக்கும் இயந்திரம் அது. கொழும்பிலிருந்து ரயிலில் வந்தபோது அதன் புனல் நசுங்கி, உள்ளே சுருள்வில்லும் அறுந்திருந்தது. "கல்லூரிச் சாமான் காணும். இது திருந்தாட்டி என்னைத்தான் உருளையில சுத்துவினம்" என்றார். நான் புனலைத் தட்டி நேராக்கியபடி வழக்கம்போல ஏதோ பாடிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் அவர் இயந்திரத்தைப் பார்க்கவேயில்லை; என்னைத்தான் பார்த்தார். "பழுது பார்க்கவும் தெரியுது, பாடவும் தெரியுது. ஞாயிற்றுக்கிழமையில உமக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

அவருடைய வேலை என்ன என்று எனக்கு விளங்கச் சில வாரங்கள் ஆயிற்று. கொழும்பில் பட்டப்படிப்புக் கல்லூரி ஒன்று, தோட்டத்துத் தமிழ்ப் பெண்களின் பாட்டுகளைச் சேர்த்து ஆராய்ந்து எழுதித் தரும்படி அவரைக் கேட்டிருந்தது. மாஸ்டர் அதற்கு ஒரு நிபந்தனை போட்டார். அறிக்கை மட்டும் தரமாட்டேன். அந்தப் பாட்டுகளிலிருந்து நானே வயலினுக்குப் புதிய உருப்படிகள் அமைத்து உங்கள் முன் வாசிப்பேன். எழுத்தையும் வாசிப்பையும் ஒன்றாக வைத்துத்தான் நீங்கள் மதிப்பிட வேண்டும் என்றார். அப்படி ஒரு ஏற்பாட்டை அங்கே யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. அரை மனத்தோடு சம்மதித்தார்கள். இரண்டும் சரி என்று கண்டால் தமிழ் இசைக்கென்று அந்தக் கல்லூரியில் ஒரு வேலை உண்டாகும். அதில் முதல் ஆள் மாஸ்டர். "ஒரு அறை. ஒரு அலுமாரி. அலுமாரி நிறைய உருளை. அதுக்கு மேல எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்பார். சொல்லும்போதே கையைத் தூக்கி அலுமாரியின் உயரத்தையும் காட்டுவார்.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? கோர்ட்டில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியார், கோட்டுப் பையில் கையை விட்டபடி, "மாஸ்டர், நீங்கள் செய்யிறது ஆராய்ச்சியோ, கச்சேரியோ? ஒண்டைச் சொல்லுங்கோ" என்று சீண்டினார். "ரெண்டுக்கும் காது ஒண்டுதானே" என்று மாஸ்டர் வயலின் வில்லுக்குப் பிசின்கட்டி தேய்த்துக்கொண்டே சொன்னார். பிறகு வத்தேகமைக்கு ரயிலில் போகும்போது என்னிடம் விளக்கினார். "கேட்டதை எழுதிப்போட்டு இருந்தா, வடிவாக் கேட்டனோ இல்லையோ எண்டு எனக்கே தெரியாது. அதை வச்சு ஒண்டைச் செய்து வாசிச்சுப் பார்க்கேக்கதான் எங்க பிழையாக் கேட்டனான் எண்டு பிடிபடும்." அப்போது எனக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்து ஓம் போட்டுவைத்தேன்.

வத்தேகமையில் இறங்கி, மேட்டில் மூன்று மைல் நடந்தால் அந்தத் தோட்டம். கணக்கப்பிள்ளையின் அனுமதியோடு ஞாயிறு பின்னேரங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையில், இயந்திரத்தை வைப்போம். அங்கே எங்களுக்குப் பாடியவர்களில் முதன்மையானவள் வீராயி. நாற்பது வயதிருக்கும். கொழுந்து எடுக்கிறவள். தடித்த குரல், வெற்றிலை வாய், யாரையும் ஒரே பார்வையில் எடைபோடும் கண்.

மாஸ்டரிடம் ஒரு பிடிவாதமான வழக்கம் இருந்தது. ஒரு பாட்டைக் கேட்ட உடனே எழுதமாட்டார். அதைத் தானே பாடிக் காட்டுவார். பாடியவள் "சரி" என்று சொன்ன பிறகுதான் பேனாவைத் திறப்பார். அவர் வயலின் வாசிப்பை நீங்கள் கேட்டிருப்பீர்கள். குரலைக் கேட்டிருக்கமாட்டீர்கள். சரளைக்கல் நிறைந்த சாக்கைச் சீமெந்துத் தரையில் இழுத்தால் எப்படியிருக்கும், அப்படி. அவர் வாயைத் திறந்ததும் லயமே சிரிக்கும். அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஓடி வந்து சிரிப்பார்கள். "ஐயோ, அப்புடி இல்லிங்க வாத்தியாரய்யா! இந்தா, இப்புடி!" என்று வீராயி பாடிக் காட்டுவாள். பக்கத்து வீட்டுக்காரி "அதுவும் இல்லடி" என்று இன்னொரு விதமாகப் பாடுவாள். பாட்டு அப்போதுதான் முழுதாக வெளியே வரும். ஒரு நாள் நான், "மாஸ்டர், நான் பாடிக் காட்டுறேனே, நேரம் மிச்சம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "வேண்டாம். நல்லாப் பாடுறவனை ஆரும் திருத்தமாட்டினம்."

அவருடைய கொப்பியில் ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே மூன்று இடங்கள் இருக்கும். பாடியவர், திருத்தியவர், கட்டியவர். முதல் இரண்டிலும் பெயர்கள் வரும். மூன்றாவதில் பாட்டுக்குப் பாட்டு, பக்கத்துக்குப் பக்கம், "தெரியாது" என்று எழுதுவார். சும்மா விடமாட்டார், சுருக்கியும் எழுதமாட்டார். ஏன் இப்படிக் கை வலிக்க எழுதுகிறீர்கள், ஒரு கோடு போட்டால் போதாதா என்று கேட்டேன். "தெரியாது எண்டு எழுதவும் மை வேணும் காணும்" என்றார்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாப்பாவின் ஊர் கம்பளை. அவரும் கல்யாண வீடுகளுக்கு வாழ்த்துப்பாட்டுக் கட்டுகிறவர். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை பெயரைச் சொல்லிவிட்டுப் பிரியாணி வேகும் நேரத்துக்குள் எட்டு வரி கேட்பார்கள். கட்டிக் கொடுப்பேன். யாராவது பாடும்போது ஒரு வரி மறந்துவிட்டால் அவர்கள் யோசித்து முடிக்குமுன் நான் ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவேன். கண்டி, கம்பளைக் கல்யாண வீடுகளில் அதற்கு எனக்கு நல்ல பெயர். வெறும் இடத்தைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது.

மூன்றாவதோ நான்காவதோ ஞாயிறு. மாஸ்டர், தோட்டத்துத் துரையின் அனுமதிக் கடிதத்தைப் புதுப்பிக்கக் கணக்கப்பிள்ளையோடு மேலே போயிருந்தார். மழை. நான் இஸ்தோப்பில் இருந்து புனலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வீராயி தூணில் சாய்ந்தபடி ஒரு தாலாட்டை முனகினாள்.

ஆராரோ ஆரிரரோ
அழுவாதே ராசாத்தி
மேகம் கறுக்குதடி
மேட்டுக் கொழுந்து நிக்குதடி

அதோடு நின்றுவிட்டாள். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் அழைக்கிற மாதிரி என்னை அவள் நானா என்பாள். "எங்காத்தா பாடுனது நானா. இதுக்கு மேல இன்னும் நாலு வரி, ஒரு அடி இருக்கு. ஆத்தா திரும்பி வர்றதப் பத்தி வரும். மறந்துபோச்சு. அவ செத்தப்பவே கேட்டு வச்சிருக்கணும்." அவள் கண்ணைத் துடைத்தாள். முந்திய வாரம் இதே இடத்தில் மாஸ்டர் "இரண்டாம் அடி: தெரியாது" என்று எழுதியிருந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. அவள் மெட்டிலேயே பாடினேன்.

கூடையில கொழுந்து கனக்க
கொங்காணியில மழை கனக்க
மாருக்குள்ள பாலு கனக்க
மலையிறங்கி வாரேங் கண்ணே

மழைக்குத் தலையோடு போர்த்தும் கொங்காணிச் சாக்கு அவளுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் இரண்டாவது வரி வந்தது. "இப்படி இருந்திருக்குமா?" என்று கேட்டேன். வீராயி அந்த வரிகளை உதட்டுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "ஆமா நானா. அதேதான். அதேதான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒரு நல்ல காரியம் செய்தேன் என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் நனைந்து திரும்பி வந்தபோது சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவுமில்லை.

மழைக்காலம் முடிந்து மறுபடி போனோம். வீராயி புனலுக்கு முன்னால் இருந்து இரண்டு அடியும் பாடினாள். சுற்றியிருந்த பெண்களும் சேர்ந்து பாடினார்கள். மாஸ்டருக்குத் தலை கால் தெரியவில்லை. "தெரியாது" என்பதை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, என் நாலு வரியையும் முத்து முத்தாக எழுதினார். திரும்பும் ரயிலில், "பாரும், இலையும் மழையும் பாலும் ஒரே பாரமா நிக்குது. இதைக் கட்டினவள் எந்தக் காலத்தவளோ!" என்று என் தொடையில் தட்டினார். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். எனக்கோ உள்ளுக்குள் மாப்பிள்ளை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. படித்த மனிதர் ஒருவர் என் வரிக்கு உருகுகிறார். இன்னும் கொஞ்சம் உருகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்த நாலு வரியை வைத்துத்தான் அவர் தம் பெரிய உருப்படியை அமைத்தார். வயலினில் ஒரே இடத்தில் சுரம் கனத்துக் கனத்து நின்று, கடைசியில் மலையிலிருந்து இறங்கும். அறிக்கையிலும் அந்தப் பாட்டுக்குத் தனி அத்தியாயம். நான் பெருமையில் ஆரம்பித்துப் பயத்தில் முடிந்தேன். மாதங்கள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாயிற்று.

பரீட்சகர்கள் மூன்று பேர் கொழும்பிலிருந்து கண்டிக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, அவர் என் கடையில் வயலின் தந்தியை மாற்றிக்கொண்டிருந்தார். "அந்தத் தாலாட்டிலதான் எல்லாம் நிக்குது ஹமீது" என்றார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மாஸ்டர், ஒரு விஷயம் சொல்ல ஈக்குது. அந்த ரெண்டாம் அடி பழசில்ல. நான் கட்டிக் குடுத்தது."

அவர் தந்தியை முறுக்குவதை நிறுத்தினார். "எப்ப?"

"நீங்க துரைட கடிதத்துக்குப் போன அண்டைக்கி. அவ மறந்துட்டேன்டு அழுதா. நான் சும்மா..."

பாதி முறுக்கிய தந்தியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு, "நல்ல வரி காணும்" என்றார். "அறிக்கையில இருந்து வெட்டிவிடுவன். வாசிப்பில இருக்கும். ஆனா அது பழசில்லை எண்டு அவையளுக்குச் சொல்லத்தான் வேணும்."

"என்ட பேரச் சொல்லாதீங்க மாஸ்டர். ஊருல தலை காட்டேலாது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "சொல்லமாட்டன். நீராச் சொல்லுற வரைக்கும் நான் சொல்லமாட்டன்" என்றார்.

வாவிக்கு அருகே ஒரு மண்டபத்தில் வாசிப்பு நடந்தது. தோட்டத்தில் லீவு இல்லாததால் வீராயி வரவில்லை. நான் மேடையின் ஓரத்தில் இயந்திரத்தோடு நின்றேன். முதலில் உருளையில் பெண்களின் குரல், பிறகு மாஸ்டரின் உருப்படி, அப்படி ஏற்பாடு. தாலாட்டின் முறை வந்ததும் மாஸ்டர் வில்லைத் தாழ்த்திவிட்டு எழுந்து நின்றார். இதன் இரண்டாம் அடி பழையதல்ல, அண்மையில் கட்டப்பட்டது, பழையது என்று நம்பியது என் பிழை, அறிக்கையிலிருந்து நீக்கிவிட்டேன், ஆனால் இந்த உருப்படி அதன் மேல்தான் நிற்கிறது, ஆகையால் வாசிப்பேன் என்று சொன்னார். வாசித்தார். அப்படி அவர் அதற்கு முன்பும் வாசித்ததில்லை, பின்பும் எனக்குக் கேட்கக் கிடைக்கவில்லை.

முடிந்ததும் பரீட்சகர்களில் மூத்தவர் ஆங்கிலத்தில் கேட்டார். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: யார் கட்டியது?

"சொல்ல முடியாது" என்றார் மாஸ்டர்.

தெரியாதா?

"தெரியும்."

அந்தப் பெண்ணா நம்மை ஏமாற்றினாள்? அப்படியானால் அவள் பாடிய மற்ற நாற்பது பாட்டும் என்ன ஆவது?

"அவவில ஒரு பிழையும் இல்லை. அவவை ஒண்டும் சொல்லாதேங்கோ." ஆங்கிலத்தில் பேச்சு நடந்த இடத்தில் இதை மட்டும் அவர் தமிழில் சொன்னார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

மூத்தவர் சபையைப் பார்த்து, இங்கே வேறு யாருக்காவது இதைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். எனக்கும் அந்தப் பரீட்சகருக்கும் இடையில் பத்தடிதான் இருக்கும். நான் குனிந்து இயந்திரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஏற்கெனவே முழுக்கச் சாவி கொடுத்திருந்த இயந்திரம் அது. மாஸ்டர் என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பினால் எல்லாரும் என்னைப் பார்த்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு மாதத்தில் கல்லூரியிடமிருந்து கடிதம் வந்தது. தானே பாட்டுக் கட்டுகிற ஒருவர் சேர்த்த பாட்டுகளை எப்படி நம்புவது என்று கேட்டிருந்தார்கள். வாசிப்பு நன்றாம், அறிக்கையை ஏற்க முடியாதாம். அந்த வேலை உண்டாகவில்லை. மாஸ்டருடைய அறையும் இல்லை, அலுமாரியும் இல்லை. அவரே கட்டினார் என்ற கதை அந்தக் கடிதத்திலிருந்துதான் கண்டிக்குள் பரவியது. அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை எடுத்துக்கொண்டு போனார். ரயில் ஏற்ற ஸ்டேஷனுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க நினைத்த வாய், சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கிறதா என்று கேட்டது. "ஓம், இருக்கு. நீர் மறக்காமல் ஊசி அனுப்பும்" என்றார். நாலு வருஷம் ஊசி அனுப்பினேன். அவர் எழுதிய எந்தக் கடுதாசியிலும் அந்தப் பேச்சு இல்லை.

வியாழக்கிழமை வந்த கொப்பி அந்த வத்தேகமைக் கொப்பிதான். முழுக்கப் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் அதே மூன்று இடங்கள். மூன்றாவதில் அதே "தெரியாது". கடைசிப் பக்கத்தில் தாலாட்டு மறுபடி எழுதப்பட்டிருந்தது. என் நாலாவது வரி அதில் வேறாக இருந்தது. கீழே பாடியவர்: வீராயி. திருத்தியவர்: வீராயி. கட்டியவர் என்று எழுதி, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். தெரியாது என்று எழுதவில்லை. அவருக்குத் தெரியுமே. எனக்குக் கொடுத்த வாக்குக்காகப் பெயரும் எழுதவில்லை. வெறும் இடத்தைக் கண்டால் நிரப்பாமல் இருக்க முடியாதவனுக்கு அதை அனுப்பச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வத்தேகமைக்குப் போனேன். நாலு வருஷமாகப் போகாத வழி. வீராயிக்குத் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும், "வாங்க நானா! வாத்தியாரய்யா வரலிங்களா?" என்றாள். சொன்னேன். அவள் அப்படியே இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டபத்தில் என்ன நடந்தது, யார் வாயை மூடிக்கொண்டு நின்றது, மாஸ்டர் ஏன் ஊரைவிட்டுப் போனார், எல்லாம். அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது எங்காத்தா பாட்டு இல்லன்னு எனக்கு ரெண்டே நாள்ல தெரிஞ்சிபோச்சு நானா. ஆனா வேண்டியிருந்திச்சு. அதான் வச்சிக்கிட்டேன். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி வாத்தியாரய்யா தனியா வந்தாரு. அப்பவே நான் அத மாத்தித்தான் பாடிக்கிட்டிருந்தேன்."

"ஏன் மாத்தினீங்க?"

"மலையிறங்கி வாரேன்னு நீங்க பாடிட்டீங்க. வேலை முடியிற கொம்பு ஊதாம எப்புடி நானா எறங்குறது? பாலு கட்டி வலிச்சாலும் நிக்கணும். அதான், மலையிறங்க விடலையேன்னு போட்டேன். வாத்தியாரய்யா அதக் கேட்டுட்டு அழுதாரு. இப்பதான் பாட்டு முடிஞ்சிருக்குன்னு சொன்னாரு."

கொப்பியை அவள் மடியில் வைத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. விரலால் எழுத்தின் மேல் தடவிக்கொண்டு வந்தவள் கீழே வந்ததும் நின்றாள். "இங்க ஒண்ணுமே இல்லையே?"

"கட்டினவன் பேர் எழுதுற இடம்."

"எழுதுறதுதானே?"

பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் மாஸ்டரின் வழக்கம் ஞாபகம் வந்தது. பாடிக் காட்டாமல் எழுதக் கூடாது. மூடிவிட்டுப் பாட ஆரம்பித்தேன். கூடையும் கொங்காணியும் எப்படியோ வந்தன. பால் கனக்கும் வரியில் மெட்டு வழுக்கியது. நாலாவது வரியில் எனக்குக் குரலே இல்லை. சரளைச் சாக்கு இழுக்கிற சத்தம்தான் வந்தது. கல்யாண வீடுகளில் இருபது வருஷம் பாடிய நான் அப்படிப் பாடியதை இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. வீராயி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"ஐயோ, அப்புடி இல்லிங்க நானா. இந்தா, இப்புடி."

அவள் பாடினாள். நான் திருப்பிப் பாடினேன். மூன்று தரம் திருத்தினாள். நாலாவது தரம், "சரி" என்றாள்.

மாஸ்டருடைய வயலின் அவர் வீட்டில் இருக்கிறது. இருக்க வேண்டிய இடம் அதுதான். உருளைகள் உடைந்து போயின. என்னிடம் இருப்பது இந்தக் கொப்பியும், நல்லாப் பாடுறவனை ஆரும் திருத்தமாட்டினம் என்று அவர் சொன்னதும்தான். கொப்பியை யாரும் வந்து பார்க்கலாம். கடை அலுமாரியில், அவருக்காக ஒதுக்கிய இசைத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நான் எழுதும் இதன் பிரதி ஒன்றைக் கொழும்புக் கல்லூரிக்கும் இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். கடைசிப் பக்கத்தில் இப்போது வெறும் இடம் இல்லை. லயத்துப் படியில் இருந்து, அவருடைய எழுத்துக்குக் கீழே, மையால் எழுதினேன்.

கட்டியவர்: அப்துல் ஹமீது, கண்டி.